சிவசுப்பிரமணியத்தாரின் கீழ்த்தொட்டி

உரும்பிராயில் சிவசுப்பிரமணியம் என்று முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் வீடு காட்ட ஆள் கிடையாது. மணியத்தார் என்று கேட்க வேண்டும். கேட்டால் வீட்டைக் காட்டுவதோடு, "ஏன், எல்லைப் பிரச்சினையே?" என்று ஒரு கேள்வியும் சேர்ந்து வரும். நில அளவைக் கந்தோரில் படம் வரைகிறவராக இருந்து இளைப்பாறியவர் அவர். வேலியை அரை அடி தள்ளிப் போட்டவன், தள்ளிப் போட்டதாகச் சந்தேகப்பட்டவன் எல்லாரும் ஒருநாளாவது அவருடைய மேசைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். அந்த மேசையை விட்டு வந்து ஆறேழு வருடமாகியும் ஊர் அவரை விடவில்லை.

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. தன் வீட்டு வேலைக்கு வெளியாள் ஒருவனைப் படலைக்குள் விடமாட்டார். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் தானே படம் வரைந்து, தானே செய்து, தானே கெடுத்து, பிறகு தானே திருத்துவார். குசினிக் கதவு ஒரு பக்கம் சரிந்தபடி நிற்பதற்கு அதுதான் காரணம். மனைவி ஞானாம்பிகை அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளித்தான் மூடுகிறார்.

ஒரே மகன் சயந்தன் கனடாவில். போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்தவன், கோயிலில் நின்ற நேரத்தைவிடத் திருநெல்வேலியில் வளர்ப்பு மீன் விற்கும் கடையில் நின்ற நேரம்தான் கூட. சின்ன வயதில் கிணற்றடித் தொட்டிக்குள் மீன்குஞ்சு விட்டு அடி வாங்கியவன் அவன். கனடாவில் வீட்டுக்குள் தொட்டி வைக்க மருமகள் வினோஜா ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆகவே ஆசையைத் தகப்பன் வீட்டில் வைத்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தான். ஆறடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே வந்து இறங்கியது. அதற்குள் ஒஸ்கார் என்ற சாதியில் இரண்டு மீன். அப்பாவுக்குப் பொழுது போகும் என்று சொன்னான். பொழுது போகவில்லை என்று மணியத்தார் ஒருவரிடமும் முறையிட்டதில்லை.

தொட்டிக்கு எதிரே சுவரில் ஒரு சின்னக் கமெராவையும் பூட்டினான். கனடாவில் இருந்தபடி கைபேசியில் மீனைப் பார்ப்பதற்கு. மீனைப் பார்ப்பதற்கு என்றுதான் அவன் தெளிவாகச் சொன்னான். அந்தச் சொல்லை மணியத்தார் சரியாகக் காதில் வாங்கவில்லை, அல்லது வாங்க விரும்பவில்லை. மகன் தங்களைப் பார்க்க ஒரு வழி செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்றே எடுத்துக்கொண்டார். மீனுக்குச் சாப்பாடு போடப் போகிறபோது தலை வாரி, சேட் மாற்றிக்கொண்டு போகத் தொடங்கினார். ஒருநாள் தொட்டிக்கு முன்னால் அப்படி அலங்காரமாக நின்றபோது கைபேசி அடித்தது.

"அப்பா, கொஞ்சம் அங்காலை விலகுங்கோ. மீன் தெரியேல்லை."

விலகினார். இதை அவர் ஞானாம்பிகைக்குச் சொல்லவில்லை.

ஆனால் அந்த மீன்கள் நன்றி கெட்டவை அல்ல. கடைக்காரன் கொடுத்த சின்னஞ்சிறு வடிகட்டி போல எத்தனை வைத்தாலும் போதாத அளவுக்குத் தின்றன, தின்ற அளவுக்குக் கழித்தன. விரல் நீளத்தில் வந்தவை உள்ளங்கை அகலத்துக்கு ஊதின. ஞானாம்பிகை அவற்றுக்குப் பெரியவன், சின்னவன் என்று பெயர் வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் அவற்றுக்கும் அவித்த பட்டாணிதான். வெள்ளியில் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் புழங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். உயிரோடு இரண்டு மச்சம் சாமி அறைக்குப் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருப்பதை அந்தச் சட்டம் கவனிக்கவில்லை. எப்படியோ, தண்ணீர் கலங்கிக் கஞ்சித் தண்ணி போல ஆகிவிட்டது.

தண்ணீர் கலங்கியதும் சயந்தன் ஒவ்வொரு நாளும் அழைப்பு எடுக்கத் தொடங்கினான்.

இங்கேதான் விசயம் இருக்கிறது. அதற்கு முன்பு அவனுடைய அழைப்பு ஞாயிற்றுக்கிழமையில் ஒருதரம் வரும். சாப்பிட்டியே, ஓம், குளிரே, ஓம், சரியம்மா வைக்கிறன். அவ்வளவுதான். இப்போதோ இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில், அங்கே வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தபடி, தகப்பனோடு வாய் ஓயாமல் கதைத்தான். எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள், கிணற்றுத் தண்ணீரை நேரே விட்டீர்களா, வைத்து ஆறவிட்டீர்களா என்று எத்தனை கேள்வி! மணியத்தாருக்கு வாழ்க்கையில் முதன்முறையாக மகனோடு கதைப்பதற்கு ஒரு விசயம் கிடைத்திருந்தது. பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. கலங்கிய தண்ணீரை ஒவ்வொரு நாளும் மகனுக்குக் காட்டிக்கொண்டிருப்பது, அழுக்கு வேட்டியோடு விருந்தாளியை வரவேற்பது போல என்று நினைத்தார். தகப்பனின் கை இன்னும் வேலை செய்யும் என்று அவனுக்குக் காட்ட வேண்டும்.

சயந்தன்தான் வழி சொன்னான். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வேண்டுமாம். அங்கே எல்லாரும் 'சம்ப்' என்பார்களாம். மேல்தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் குழாயால் கீழே இறங்கும். கீழே மூன்று அறை. முதல் அறையில் பஞ்சு அழுக்கைப் பிடிக்கும். நடு அறையில்தான் சூட்சுமம். அங்கே கரடுமுரடான சாமான் எதையாவது நிரப்பி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அதில் குடியிருந்து மீன் கழிக்கிற நஞ்சைத் தின்னும். மூன்றாம் அறையில் ஒரு மோட்டர் தண்ணீரைத் திரும்ப மேலே அனுப்பும். கடையில் செய்து தருவார்கள் என்றும் சொன்னான். அந்தக் கடைசிச் சொல் மணியத்தாரின் காதில் ஏறவில்லை.

"கிருமியிலை என்ன நல்ல கிருமி" என்றார் ஞானாம்பிகை, சயந்தனுக்குக் கேட்கும்படியாக.

மணியத்தார் படம் வரைந்தார். அளவுத்திட்டத்தோடு, மைப்பேனையால், மூலையில் வடக்குக் குறியும் போட்டு வரைந்தார். கீழ்த்தொட்டிக்கு நான்கு எல்லையும் எழுதினார். கிழக்கே சாமி அறை, மேற்கே ஞானாம்பிகையின் தையல் மெஷின், வடக்கே சுவர், தெற்கே நடைபாதை. காணி உறுதி எழுதினால் விற்கலாம், அப்படி ஒரு படம். அதைக் கமெராவுக்கு நேரே பிடித்தபோது மகன் சிரித்த சிரிப்பு இரண்டு நாளைக்கு அவருடைய காதில் இருந்தது.

கண்ணாடி வெட்டுவித்து, சிலிக்கன் பூசி, மூன்று அறையும் எழுந்தன. நடு அறைக்குப் பழைய மாட்டுக்கொட்டிலின் கூரை ஓடுகளை உடைத்துத் துண்டு துண்டாக்கினார். சயந்தன் கமெரா வழியே ஒவ்வொரு துண்டையும் பார்த்தான் என்றே சொல்லலாம். கடற்கரை முருகைக்கல் போடலாமோ என்று தகப்பன் கேட்டதற்கு, எங்கடை தண்ணியிலை ஏற்கெனவே சுண்ணாம்பு போதும் போதும் எண்டு கிடக்கு, ஓடுதான் நல்லது என்றான். போதாததற்குச் சோடாப் போத்தல் மூடிகள். மணியத்தார் தேநீர்க்கடை தேநீர்க்கடையாக மூடி பொறுக்கிக்கொண்டு திரிந்ததைப் பார்த்து, கனடாக் காசு வருகிற வீட்டுக்கு ஏன் இந்த நிலைமை என்று ஊரில் இரண்டு பேர் கவலைப்பட்டார்கள்.

அந்த நாள்களைப் போல அவர் சந்தோசமாக இருந்ததை ஞானாம்பிகை கலியாணம் முடித்த புதிதில்கூடக் கண்டதில்லை.

பூட்டி ஓட விட்ட பிறகு ஒரு பிசகு நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவருடைய தொழில் செய்த பிசகு அது. ஒரு காணியில் பாவிக்காத துண்டு கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. அதனால் கீழ்த்தொட்டியை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி வைத்திருந்தார். மதியம் கரண்ட் நின்றது. மோட்டர் நின்றதும், மேலே ஏறிய குழாய் வழியாகவே தண்ணீர் திரும்ப இறங்கத் தொடங்கியது. நிரம்பி நின்ற கீழ்த்தொட்டிக்கு அதை ஏந்த இடமில்லை. சாப்பிட்டுவிட்டுச் சரிந்திருந்த இருவரும் எழும்பியபோது கிழக்கெல்லை கடந்து சாமி அறைக்குள் தண்ணீர் நின்றது. மீன் கழித்த தண்ணீர்! ஞானாம்பிகை பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்று கணவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

சயந்தன் அன்று வேலைத்தலத்தில் இருந்தே எடுத்தான். "அப்பா, கீழ்த்தொட்டியை அரைவாசிக்கு மேலை நிரப்பாதையுங்கோ. மேலை போற பைப்பிலை, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழை ஒரு ஓட்டை போடுங்கோ. கரண்ட் நிண்டால் அதுக்குள்ளாலை காத்துப் போய் இழுவை அறுந்திடும்." மணியத்தார் ஓட்டை போட்டார். மெயின் சுவிச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். இழுவை அறுந்தது.

பிறகு தண்ணீர் தெளிந்தது. மெல்ல மெல்லத் தெளிந்து, ஒரு காலையில் பார்த்தால் மீன் இரண்டும் அந்தரத்தில் நிற்கின்றன. பக்கத்து வேலிக்காரர் இராசநாயகம், வேலிச் சண்டையில் பேச்சு நின்று பல வருடம், அவர்கூட ஒரு சாட்டுச் சொல்லி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளுக்குத் தண்ணி கிடக்கோ இல்லையோ எண்டு தெரியேல்லையே என்று சொல்லிப் போனார். மணியத்தாருக்கு இதைவிட ஒரு பட்டம் தேவையில்லை.

அன்று மாலை தலை வாரி, சேட் மாற்றி, தொட்டிக்கு ஒரு பக்கமாக, மீனை மறைக்காத மாதிரி நின்றார். கைபேசி அடிக்கவில்லை. பனி கொட்டுகிறதாக்கும், பஸ் பிந்தியிருக்கும் என்றார். அடுத்த நாளும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்தான். சாப்பிட்டியே, ஓம், குளிரே, ஓம். ஒருமுறை இவரே எடுத்துப் பார்த்தார். தொட்டி நல்ல வடிவா இருக்கப்பா, நான் வேலை நேரத்திலையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன் என்றான் பிள்ளை. உண்மையான பாசத்தோடுதான் சொன்னான். மணியத்தார் கைபேசியைப் பிடித்தபடி அடுத்த வசனத்தைத் தேடினார். தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை. மோட்டரில் குறை ஒன்றும் இல்லை. சரி தம்பி, வைக்கிறன் என்றார்.

அட, எப்படிப்பட்ட வேலை பாருங்கள். குசினிக் கதவு முதல் கொண்டு கை வைத்ததெல்லாம் கோணலாகப் போன மனிதர், ஆயுளில் ஒன்றே ஒன்றைச் சரியாகச் செய்தார். அது மகனுடைய வாயை அடைத்துவிட்டது.

இப்படி இருக்கும்போது கரவெட்டியில் இளையதம்பிப் பெரியப்பா காலமானார். தொண்ணூறு தாண்டிய மனிதர், ஒருவருக்கும் பெரிய கவலை இல்லை. ஆனால் தகப்பன் வழிச் சொந்தம், ஆகவே துடக்கு என்கிற சாவுத்தீட்டு. முப்பத்தொரு நாளும் கோயில் இல்லை, சாமி அறையில் விளக்கு இல்லை. அது முடிகிற நாளில் ஞானாம்பிகை வீட்டைக் கழுவினார் என்று சொன்னால் போதாது. பாய், தலையணை உறை, திரைச்சீலை, சுவர்மணிக்கூட்டின் பின்பக்கம் எல்லாம் கழுவப்பட்டன. மணியத்தார் அந்தியேட்டிச் சடங்குக்காகக் கரவெட்டிக்குப் போய்ச் சாப்பாடும் முடித்துத் திரும்பியபோது வீடு குளோரின் மணத்தது.

கீழ்த்தொட்டியின் நடு அறையில் ஓட்டுத் துண்டுகள் புதுச் செங்கல் நிறத்தில் பளிச்சென்று இருந்தன. மூடிகள் மினுங்கின. துடக்குப் பட்ட வீட்டில் அந்த வழுவழுப்பான அழுக்கை மட்டும் எப்படி விடுவது? கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூளில் ஊறவைத்து, தென்னந்தும்பால் உரஞ்சி, வெயிலில் காயவைத்து, பழையபடி அழகாக அடுக்கியிருந்தார் ஞானாம்பிகை. நல்ல கிருமிகள் ஒன்று பாக்கியில்லாமல் பரலோகம் போய்விட்டன.

ஓரிரு நாளில் தண்ணீர் பாலாகியது. சின்னவன் ஒரு பக்கமாகச் சரிந்து, வாயை வாயைத் திறந்தான். மணியத்தார் கத்தினார். பொதுவாகக் கத்தாத மனிதர்.

"விசரே உனக்கு? உயிருள்ள சாமானெல்லோ அது!"

"துடக்கு வீட்டிலை எல்லாத்தையும்தானே கழுவிறது" என்றார் ஞானாம்பிகை. "உங்கடை கிருமிக்கு மட்டும் துடக்கு இல்லையோ?"

அதற்குள் கைபேசி அடித்தது.

நடந்ததைக் கேட்டுச் சயந்தன் பஸ்ஸுக்குள் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, அம்மாவிடம் ஒருக்காக் குடுங்கோ என்றான். அவன் அப்படிக் கேட்டு எவ்வளவு காலம்! ஏனம்மா கழுவினீங்கள் என்று தொடங்கிய கதை, எங்கெங்கோ போயிற்று. பேத்தி மதுராவுக்கு முன்பல் விழுந்தது, சயந்தன் நாரிப்பிடிப்பால் இடுப்பு நிமிர்த்த முடியாமல் கிடந்தது, வினோஜா இடியப்பம் அவிக்கப் பழகியது எல்லாம் ஞானாம்பிகைக்கு அன்றுதான் தெரியவந்தன. கைபேசி சூடாகி, காது சிவந்து, அவர் அதைத் திருப்பித் தந்தபோது கண் கலங்கியிருந்தது. மணியத்தார் கோபத்தைத் தொடர நினைத்தார். அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அழைப்புத்தான். தினமும் கொஞ்சத் தண்ணீர் மாற்றுங்கள், சாப்பாட்டை நிறுத்துங்கள், மீன்கடையில் ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் பழைய பஞ்சு வாங்கி, அதைப் பிழிந்து நடு அறைக்குள் விடுங்கள் என்று மகன் சொல்லச் சொல்ல மணியத்தார் செய்தார். திருநெல்வேலியில் இருந்து பலாலி வீதி பஸ்ஸில், மடியில் ஒரு பொலித்தீன் பையில் கறுத்த அழுக்கை வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த பெட்டை மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் பின்னால் போனாள். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. சின்னவன் நிமிர்ந்தான், பட்டாணி தின்றான். தண்ணீர் தெளிந்தது, கண்ணாடி போல.

கைபேசி நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தன. ஒரு ஞாயிறு அதுவும் வரவில்லை. மாலையில் விளக்கு வைத்துவிட்டு இருவரும் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருப்பார்கள். கமெராவின் சின்னச் சிவப்பு வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும். பார்க்கிறானாக்கும் என்பார் அவர். ஓம், மீனைப் பாக்கிறான் என்பார் ஞானாம்பிகை.

ஒரு பகல், சந்தைக்குப் போய் வந்த மணியத்தார் சைக்கிளை நிறுத்தும்போது கிணற்றடியில் தும்பு உரஞ்சுகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். ஞானாம்பிகை பலகைக்கட்டையில் குந்தியிருந்தார். முன்னால் பெரிய பிளாஸ்டிக் பேசின், அதற்குள் ஓட்டுத் துண்டுகள் அத்தனையும். பக்கத்தில் குளோரின் பேணி திறந்து கிடந்தது, தூளை இன்னும் கொட்டவில்லை. கமெராவுக்கு மேல்தொட்டிதான் தெரியும். கீழ்த்தொட்டியை மறைத்த பலகைக் கதவைப் பக்கவாட்டில் இருந்து திறந்தால் ஒன்றும் தெரியாது. அதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்.

மணியத்தார் பேசினுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இப்ப ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை." ஞானாம்பிகை தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றது. "பிள்ளையின்ரை குரல் கேக்காமல் எனக்கு ஏலாமல் கிடக்கு. தண்ணி தெளிஞ்சு கிடந்து எனக்கு என்ன கண்டது?"

சைக்கிள் காண்டிலில் தொங்கிய மரக்கறிப் பையை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வைத்தார் மணியத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் குந்தினார். பேசினுக்குள் கையை விட்டு, ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தார். அளந்து இழுத்த கோடுதான். கோட்டுக்கு அங்கால் கிடந்ததை அள்ளி, கழுவாமல், தொட்டித் தண்ணீர் நிறைந்த வாளிக்குள் போட்டார்.

"எல்லாத்தையும் கழுவாதை. மீன் செத்துதெண்டால், கமெராவைக் கழட்டி வையுங்கோ எண்டு சொல்லிப்போடுவான்" என்றார். "அரைவாசி கழுவினால் போதும்."

ஞானாம்பிகை தும்பைப் பிய்த்து ஒரு பாதியை அவரிடம் கொடுத்தார்.

இரண்டாம் நாள் மாலை தண்ணீரில் ஒரு மங்கல் வந்தது, கண்ணாடியில் மூச்சு விட்டது போல. மணியத்தார் தலை வாரி, சேட் மாற்றிக்கொண்டு கதிரையில் இருந்தார். ஞானாம்பிகை குசினிக் கதவை மூடாமல் விட்டிருந்தார். கைபேசி அடித்தது.

"அப்பா, தண்ணி கலங்கின மாதிரிக் கிடக்கு. என்ன செய்தனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. ஏன் கலங்கினது எண்டும் விளங்கேல்லை. நீ ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லு ராசா, அவசரமில்லை."

"சாப்பிட்டானோ எண்டு கேளுங்கோ" என்றார் ஞானாம்பிகை குசினியில் இருந்து.